பேர் போடாத கடிதம்

திங்கட்கிழமை விடிஞ்சாலே எனக்கு எரிச்சல் தொடங்கீடும். கிழமையில எங்களுக்கு ஓய்வெண்டு விட்ட ஒரே நாள் அது. உடுப்புத் தோய்க்கிறது, சாமான் வாங்கிறது, குளியலறை உரஞ்சிறது எல்லாம் அண்டைக்குத்தான். எல்லாத்துக்கும் மேல வீட்டுக்குக் கடிதம் எழுதோணும். இமெயில்தான், ஆனா அம்மா அதைக் கடிதம் எண்டுதான் சொல்லுவா. ரெண்டு தரம் வாசிப்பா, பிறகு போன் எடுத்துக் குறை சொல்லுவா.

"உவள் நீர்கொழும்புப் பிள்ளை, பிலிப்பைன்சுக்குப் போனவள், கிழமைக்கு நாலு பக்கம் எழுதுறாள். வாசிச்சா அழுகை வருது. நீ என்னடி, சுகமா இருக்கிறன், குளிராக் கிடக்கு எண்டு மூண்டு வரி. இதை நான் சபையில ஆருக்குக் காட்டிறது?"

நான் அப்ப மோர்மன் மிஷனரி. நெஞ்சில கறுப்புப் பெயர் அட்டை குத்திக்கொண்டு சோடி சோடியாக் கதவு தட்டித் திரியிறவை இருக்கினமே, அதில ஒருத்தி. இருபத்தொரு வயசில வத்தளையில இருந்து பதினெட்டு மாசத்துக்கு ரொறன்ரோவுக்கு அனுப்பிச்சினம். தமிழ்ச் சனம் நிறைய இருக்கிற இடம், தமிழ் தெரிஞ்ச பிள்ளை வேணும் எண்டு. எனக்குப் பெரிய புளுகம், கால் நிலத்தில படேல்லை. போய்ப் பாத்தா, தமிழ் தெரிஞ்சதாலதான் கதவு இன்னும் கெதியாச் சாத்துப்படும் எண்டு விளங்கிச்சு. வெள்ளைக்காரி தட்டினா எங்கட சனம் சிரிச்சு, தண்ணி வேணுமோ எண்டு கேட்டு அனுப்பிவிடும். நான் வாயைத் திறந்தா விசாரணை. "பிள்ளை எந்த ஊர்? ஆற்ற மகள்? தகப்பன் என்ன செய்யிறார்? படிக்கிற வயசில ஏன் உந்த வேலை?" எல்லாத்துக்கும் பதில் சொல்லி முடிய, "சரி பிள்ளை, கவனமாப் போ" எண்டு கதவு சாத்துப்படும்.

எனக்குச் சோடியாக் கிடைச்சவள் அமெரிக்காவில ஐடஹோப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டத்துப் பெட்டை. பத்தொன்பது வயசு. மிஷன் சட்டப்படி நாங்கள் ஒருத்தியை ஒருத்தி கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்தில விடக்கூடாது. கக்கூசு மட்டும் விலக்கு. காலமை ஆறரைக்கு எழும்பிப் பாடுவாள். மைனஸ் இருபதிலயும் பாடுவாள். பஸ் வராமல் நாப்பது நிமிசம் நிண்டு, கால்விரல் எல்லாம் விறைச்சு எனக்கு அழுகை வரேக்க, "பாரன், பனி எவ்வளவு வடிவு" எண்டுவாள். அடிக்கத்தான் கை வரும். தமிழில பத்துச் சொல் பாடமாக்கி வைச்சிருந்தாள். அதில ஒண்டு அன்ரி. கலியாணம் முடிச்சு மூண்டு மாசமான ஒரு புதுப்பொம்பிளையைப் போய் அன்ரி எண்டு கூப்பிட்டு, அந்த வீட்டையும் எங்களுக்கு இல்லாமல் ஆக்கினாள்.

அட்டையில சிஸ்டர் எண்டு கிடக்கிறதால இன்னொரு கரைச்சல். கத்தோலிக்கச் சனம் எங்களைக் கன்னியாஸ்திரியள் எண்டு நினைச்சு மரியாதையாக் கூப்பிட்டு இருத்தும். பிறகு எந்த மடம் எண்டு கேக்கும். நான் உண்மையைச் சொல்லுவன். உடனே எல்லாருக்கும் எங்கயோ அவசரமாப் போக வேண்டி வந்திடும்.

ரொறன்ரோவின்ர கிழக்குக் கரையில, ரூஜ் எண்ட இடத்தில, ஒரு அன்ரியின்ர கதவும் அப்பிடித்தான் திறந்தது. மன்னார்ப் பக்கத்து ஆள், அறுபத்தெட்டு வயசு, புருசன் இல்லை. மகன் பஸ் ஓடுறவர், மருமகள் வங்கியில, மூண்டு பேத்தியள். பகலில வீட்டில அவ மட்டும்தான். நான் கன்னியாஸ்திரி இல்லை எண்டு சொன்னாப்பிறகும் கதவைச் சாத்தேல்லை.

"உங்கட சமயம் எனக்கு வேண்டாம், பிள்ளை. எனக்கு மாதா ஒராள் காணும்" எண்டு முதலே சொல்லிப்போட்டா. "ஆனா இங்கிலீசு சொல்லித் தருவீங்களோ? சும்மாவோ?"

சும்மாதான் எண்டன்.

"அப்ப வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு வாங்கோ. மூண்டரைக்கு முதல் போயிடோணும். பிள்ளையள் வந்திடுங்கள்."

முதல் வியாழன் தேத்தண்ணியால சண்டை. எங்களுக்குத் தேத்தண்ணியும் கோப்பியும் விலக்கு. இதைத் தமிழ் வீட்டில ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ. சீனி கூடவோ எண்டு கேட்டா. இல்லை அன்ரி, நாங்கள் குடிக்கிறேல்லை எண்டன். பால் இல்லாமல் போடட்டோ எண்டா. இல்லை அன்ரி. அப்ப கோப்பி? அதுவும் இல்லை. "என்ன, என்ர கையால குடிக்க மாட்டீங்களோ?" எண்டு முகம் கறுத்துப் போச்சு. கடைசியில கொத்தமல்லி அவிச்சுக் கொண்டுவந்தா. தடிமன் சளிக்குக் குடிக்கிற சாமான். என்ர சோடி மடக்கெண்டு குடிச்சிட்டு இன்னொரு கப் கேட்டாள். அதோட ஒவ்வொரு வியாழனும் எங்களுக்குக் கொத்தமல்லித் தண்ணிதான். தடிமன் இல்லாமலே ஒரு முழுப் பனிக்காலம் அதைக் குடிச்சன்.

ஏன் இங்கிலீசு எண்டு மூண்டாம் வியாழன்தான் சொன்னா. அலுமாரியில சீலையளுக்கு அடியில இருந்து ஒரு கடித உறையை எடுத்துக்கொண்டு வந்தா. வயசானாக்களுக்குக் குறைஞ்ச வாடகையில விடுற ஒரு அறை வீட்டுக்கு எழுதிக்குடுத்து, ஏழு வருசமா லிஸ்டில நிக்கிறாவாம். இப்ப அவவின்ர முறை கிட்டீட்டுது. வீடு வந்தா அந்த வீடு குடுக்கிற கந்தோருக்குப் போன் எடுத்துக் கதைக்கோணும், அவங்கள் கேக்கிறதுக்குப் பதில் சொல்லோணும்.

"மொழிபெயர்க்க ஆள் தருவினமே அன்ரி" எண்டன்.

"தருவாங்கள். தமிழ் ஆள்தானே வரும். அது ஆற்றையோ மச்சாளா இருக்கும். பின்னேரத்துக்குள்ள மகனுக்குத் தெரிஞ்சிடும்."

"மகனுக்குத் தெரியாதோ?"

"தெரியாது. தெரியக் கூடாது. வீட்டுத் திறப்புக் கையில வரட்டும், நானே சொல்லுவன். ஒரு சனிக்கிழமை, அவனுக்கு வேலை இல்லாத நாளாப் பாத்து, இறால் குழம்பு வைச்சு, சாப்பிட்டுக் கை கழுவினாப்பிறகு இருத்திவைச்சுச் சொல்லுவன். தம்பி, நான் கோவிச்சுக்கொண்டு போகேல்லை, நீ எனக்கு ஒரு குறையும் வைக்கேல்லை, எனக்கு நானே பூட்டி நானே திறக்கிற ஒரு கதவு வேணும், அவ்வளவுதான். என்ர வாயால கேட்டா அவனுக்கு விளங்கும். வேற ஆரும் சொல்லிக் கேட்டானெண்டா, தாயை வீட்டால கலைச்சுப்போட்டான் எண்டு சனம் சொல்லுறதுதான் அவனுக்குக் கேக்கும். பாவம், உடைஞ்சு போயிடுவான்."

அவ படுக்கிறது பேத்தியளின்ர அறையில, ஏணிக்கட்டிலின்ர கீழ்த்தட்டில. அதைக்கூட அவ பெரிசாச் சொல்லேல்லை. கருவாட்டைத்தான் சொன்னா. "இந்த வீட்டுக்கு வந்து ஒரு நாளும் கருவாடு பொரிக்கேல்லை, பிள்ளை." மகன்ர வீடு புது மாதிரி, குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில சுவர் இல்லை. பொரிச்சா மருமகள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போற கோட்டில மணம் ஏறீடும். "அவளும் நல்ல பிள்ளை. சண்டை ஒண்டும் இல்லை. மணம்தான்" எண்டா.

பிறகு என்ர கையைப் பிடிச்சா. "உன்னட்ட ஏன் சொல்லுறன் தெரியுமோ? உனக்கு இஞ்ச ஒருத்தரையும் தெரியாது. உன்னட்டச் சொன்னா வெளியில போகாது."

நான் தலையாட்டினன். நல்லாத்தான் ஆட்டினன்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் கூத்து. என்ர சோடிதான் வீட்டுக் கந்தோர் ஆள். ரீவி ரிமோட்டைக் காதில வைச்சுக்கொண்டு, குரலை மொத்தமாக்கி, "ஹலோ மேடம், கேன் யூ லிவ் எலோன்?" எண்டுவாள். அன்ரி மற்றப் பக்கம் தன்ர போனைப் பிடிச்சுக்கொண்டு, வகுப்பில எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி நிமிந்து நிண்டு, "யெஸ். ஐ கேன் லிவ் எலோன்" எண்டுவா. சமைப்பீங்களோ எண்டு கேட்டா, "யெஸ். ஐ குக் ட்ரை ஃபிஷ்." என்ர சோடி சிரிச்சுச் சோபாவில விழுவாள். எனக்கோ நேரம் போகுது, இலக்கணம் பிழைக்குது எண்டு பத்திக்கொண்டு வரும். அன்ரிக்கு மற்றவள் சொல்லிக்குடுக்கிறதுதான் பிடிக்கும். "உவள் சிரிக்கிறாள். நீ வாத்தியார் மாதிரி" எண்டு எனக்கே சொன்னா. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்ததுக்கு அதுதான் எனக்குக் கிடைச்ச பேர்.

மாசி மாசம் வீட்டுக் கந்தோரில இருந்து கடிதம் வந்தது. வீடு ஆயத்தம், அடுத்த கிழமை வெள்ளிக்கு முதல் போன் எடுத்து விருப்பமோ இல்லையோ எண்டு சொல்லோணும். அன்ரி கடிதத்தை எங்களிட்டத் தந்து, ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னா. பிறகு எழும்பிப் போய், கழுவி வைச்சிருந்த கோப்பையளைத் திரும்பக் கழுவினா. "அடுத்த வியாழன் நீங்கள் பக்கத்தில இருக்கேக்க எடுப்பன்" எண்டா. என்ர சோடி அவவைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கிச் சுத்தினாள்.

அதுக்குப் பிறகு வந்த வெள்ளி, சனி, ஞாயிறு மூண்டும் எனக்கு நாசமாப் போன நாளுகள். பத்து வீடு தட்டிப் பத்தும் இல்லை. ஐஸில வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கிச்சு. யூனியன்வில்லில ஒரு அங்கிள் எங்களை உள்ளுக்குக் கூப்பிட்டார். கடவுளே, ஒருத்தர் கூப்பிட்டிட்டார் எண்டு போனா, முக்கால் மணித்தியாலம் தனக்கு வந்த மூலநோயைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். திங்கள் காலமை அம்மா போன் எடுத்து, நீர்கொழும்புப் பிள்ளையின்ர கடிதத்தை எனக்கே வாசிச்சுக் காட்டினா. அந்தப் பெட்டை ஒரு குடும்பத்தையே ஆத்தில இறக்கி ஞானஸ்நானம் குடுத்துப்போட்டாளாம். "நீ அங்க என்னதான் செய்யிறாய்?" எண்டு கேட்டா.

எனக்கு வந்த கோவத்தில, உடுப்புத் தோய்க்கிற கடையில மெசின் சுத்திக்கொண்டிருக்க, குந்தியிருந்து போனில எழுதத் தொடங்கினன். ரூஜில ஒரு அன்ரி இருக்கிறா, மன்னார், மகன் பஸ் ஓடுறார், மூண்டு பேத்தியளோட ஒரே அறையில படுக்கிறா, ஒரு நாளும் கருவாடு பொரிக்கேல்லை, ஆருக்கும் தெரியாமல் இங்கிலீசு படிக்கிறா, வாற வியாழன் போன் எடுத்துத் தனக்கெண்டு ஒரு வீட்டை எடுக்கப்போறா. வடிவா எழுதினன். வரி வரியா வந்தது. வந்த நாளில இருந்து நான் எழுதின முதல் நல்ல கடிதம் அது.

என்ர சோடி எட்டிப் பாத்தாள். தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனா கனக்க எழுதுறன் எண்டு தெரியுது. ஆரைப் பற்றி எண்டு கேட்டாள். சொன்னன்.

"அன்ரியிட்டக் கேட்டனியோ?" எண்டாள் இங்கிலீசில.

"பேர் போடேல்லை. அம்மாவுக்குத்தானே. அம்மா வத்தளையில இருக்கிறா" எண்டு வெடிச்சன். உனக்கு எங்கட சனத்தைப் பற்றி என்ன தெரியும் எண்டும் கேட்டன். அவள் போய் உடுப்பு மடிச்சாள்.

பேர் போடேல்லையாம்! எங்கட சனத்துக்கு எப்ப பேர் தேவைப்பட்டது? எந்த ஊர், ஆற்ற மகள், தமையன் எங்க எண்டு மூண்டு கேள்வியில முழுப் பரம்பரையையும் இழுத்து வெளியில போடுற சனம். ஒவ்வொரு கதவிலயும் நிண்டு அந்த விசாரணைக்குப் பதில் சொன்னவள் நான். எனக்குத் தெரியாதோ? விசரி நான். இப்ப இதை எழுதேக்க அன்ரியிட்டக் கேட்டு, ஊரையும் மாத்தி, ஆக்களின்ர தொழிலையும் மாத்தித்தான் எழுதுறன். அண்டைக்கு அந்தப் புத்தி இருக்கேல்லை.

அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கேல்லை. அழுதாவாம். அந்தக் கடிதத்தை உடனே சபையின்ர வட்ஸ்அப் குறூப்பில போட்டிருக்கிறா. அதில இருந்த ஒரு நீர்கொழும்பு மனிசி, இதென்ன வடிவாக் கிடக்கு எண்டு கனடாவில இருக்கிற தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறா. தங்கச்சி தன்ர மாதா கோயில் குறூப்பில போட்டிருக்கிறா. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வங்கியில சாப்பாட்டு நேரத்தில அது மருமகளின்ர போனுக்கு வந்திட்டுது. ஒரு நாள்தான் எடுத்தது. நான் வீட்டுக்குப் போட்ட வாழ்த்து மட்டை ஒரு மாசம் எடுத்தது.

எங்களுக்கு இதொண்டும் தெரியாது. வியாழன் ரெண்டு மணிக்குப் போய் இறங்கினம். என்ர சோடி, வீடு எடுக்கிறதைக் கொண்டாட எண்டு ஒரு கேக் சுட்டுக் கொண்டுவந்தாள். அதைப் பஸ்ஸில மடியில வைச்சுக்கொண்டு பாடிக்கொண்டு வந்தாள். வாசலில மகன்ர கார் நிண்டது. வேலை நாளில ஒரு நாளும் நிக்காத கார்.

அவர்தான் கதவைத் திறந்தார். ஏசுவார், கலைப்பார் எண்டு நினைச்சன். அப்பிடி ஏசியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். "வாங்கோ தங்கச்சி, இருங்கோ" எண்டார். நாங்கள் இருந்தம். போனை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். "ரூஜில ஒரு அன்ரி இருக்கிறா..." என்ர வசனம். நான் வடிவா எழுதினன் எண்டு பெருமைப்பட்ட வசனம். கருவாடு எண்ட இடத்தில நிப்பாட்டிப்போட்டார்.

"ரெண்டு நாளாப் போன், தங்கச்சி" எண்டார். "ஜெர்மனியில இருந்து மாமா எடுத்து, தாயைக் கலைக்கிறியோ எண்டு கேக்கிறார். சித்தி எடுத்து, நாங்கள் வந்து கூட்டிக்கொண்டு போறம் எண்டுறா. என்னட்டக் கேட்டிருந்தா நான் கருவாடு பொரிச்சுக் குடுத்திருப்பனே. நான் அம்மாவுக்கு என்ன குறை வைச்சன்?" நாப்பது வயசு ஆம்பிளை, எங்கள் ரெண்டு பேருக்கும் முன்னால இருந்து அழுதார். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை எண்டன். அவர் அதைக் கேட்ட மாதிரித் தெரியேல்லை.

அன்ரி குசினியில அடுப்பைத் துடைச்சுக்கொண்டு நிண்டா. அது ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்தது. என்னைத் திரும்பிப் பாக்கேல்லை. நான் எழும்பிக் கிட்டப் போனன். "அன்ரி, நான் பேர் போடேல்லை" எண்டன். என்ர வாயில வந்த முதல் சொல்லு அது. வெக்கம் கெட்டவள்.

அவ துணியைப் பிழிஞ்சு காயப்போட்டா. "அவனுக்குச் சொல்ல எண்டு எல்லாம் சேத்து வைச்சிருந்தன், பிள்ளை" எண்டா. கோவம் இல்லை. களைப்புத்தான். "ரெண்டு நாளாச் சொல்லிப் பாக்கிறன். ஒண்டும் அவனுக்கு ஏறுதில்லை. மாமன் சொன்னதுதான் ஏறி நிக்குது."

பிறகு கையைத் துடைச்சுக்கொண்டு வந்து, மகனுக்குப் பக்கத்தில இருந்து, கடிதத்தைப் பாத்து நம்பரை அமத்தினா. "அம்மா, நான் கதைக்கட்டோ?" எண்டார் மகன். வேண்டாம் எண்டு கையைக் காட்டினா. போனை எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் போட்டு மேசையில வைச்சா. கன நேரம் பாட்டுப் போச்சு. ஒரு மனிசி எடுத்தா. அன்ரி இருந்த இடத்தில நிமிந்து இருந்தா. பேரைச் சொன்னா, கடிதத்தில இருந்த இலக்கத்தை ஒவ்வொண்டாச் சொன்னா. எங்கயும் தட்டேல்லை, நாங்கள் சொல்லிக்குடுத்த மாதிரியே.

"தேங்க் யூ ஃபோர் த அபார்ட்மென்ட்" எண்டா. "ஐ டோன்ட் நீட். ஐ லிவ் வித் மை சன்."

மற்றப் பக்கத்து மனிசி, லிஸ்டில இருந்து பேரை எடுத்தா திரும்ப முதலில இருந்துதான் நிக்கோணும், வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ எண்டு கேட்டா. அது நாங்கள் பழக்காத கேள்வி. நானும் என்ர சோடியும் ஒருத்தியை ஒருத்தி பாத்தம்.

அன்ரி மகன்ர முதுகைத் தடவிக்கொண்டு, "யெஸ். ஐ ஆம் ஷுவர்" எண்டா.

வைச்சாப்பிறகு என்ர சோடியைப் பாத்து, "நல்லாக் கதைச்சனோ?" எண்டு கேட்டா. அந்தப் பெட்டைக்கு அது விளங்கிச்சு. ஓம் எண்டு தலையாட்டினாள், கேக்கை மடியில வைச்சுக்கொண்டே அழுதாள். அன்ரி எழும்பிப் போய் எங்கள் ரெண்டு பேருக்கும் கொத்தமல்லி அவிச்சா. குடிச்சிட்டு மூண்டரைக்கு முதல் வெளிக்கிட்டம். திரும்பி வரேக்க பஸ்ஸில அவள் பாடேல்லை. அவள் பாடினா என்ன எண்டு எனக்கு முதல்முறையா இருந்தது.

அந்தத் திங்கள் அம்மாவுக்கு எழுதினன். சுகமா இருக்கிறன். முழங்கால் வீக்கம் வத்தீட்டுது. இன்னும் குளிராத்தான் கிடக்கு.

பத்து நிமிசத்தில அம்மா போன் எடுத்திட்டா. "அந்த ரூஜ் அன்ரிக்கு என்னடி நடந்தது? எல்லாரும் கேக்கினம்" எண்டா. "ஒண்டும் எழுதேல்லையே நீ?"